பரிசா ஓவர்லொக் வாங்க முதல், அவா என்ன தைக்கிறா எண்டு பாருங்கோ

கொழும்பில வீட்டில இருந்து தைக்கிற ஆருக்கும் என்ன பரிசு குடுக்கலாம் எண்டு கேட்டா நான் கண்ணை மூடிக்கொண்டு ஓவர்லொக் மெஷின், அதுதான் வெட்டின துணியின்ர ஓரத்தை நூலால சுத்திக் கட்டுற மெஷின், எண்டுதான் சொல்லுவன். ஆனா கண்ணை மூடிக்கொண்டு வாங்க மட்டும் போயிடாதேங்கோ. தையல் மெஷின் அவையிட்ட ஏற்கனவே இருக்கும், அம்மம்மான்ர காலத்துக் கறுப்புச் சிங்கரோ, சீட்டுக் காசில வாங்கின புதுசோ ஏதோ ஒண்டு, அது நேர்த்தையல் போடும், ஆனா துணியின்ர ஓரத்துக்கு ஒண்டும் செய்யாது. அதால பிளவுஸ், சல்வார் வெட்டின துண்டுகளை பாக்குக்குள்ள அமத்திக்கொண்டு ஒழுங்கை முடக்கில இருக்கிற டெய்லர் கடைக்குப் போய், இதுக்கு ஓவர்லொக் அடிச்சுத் தாங்கோ எண்டு குடுத்துட்டு, அங்க ஸ்கூல் யூனிஃபோம் சீசன் எண்டா பின்னேரம் வாங்கோ நாளைக்கு வாங்கோ எண்டு இழுக்க, இஞ்சால கஸ்டமர் "அன்ரி பிளவுஸ் முடிஞ்சுதோ" எண்டு கோல் எடுக்க... இந்த அலைச்சல் தைக்கிற ஆக்களுக்குத்தான் தெரியும்.

எங்கட சின்னம்மாவும் அப்பிடித்தான். வெள்ளவத்தையில, காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில ஓடுற ஒழுங்கை ஒண்டில, மூண்டாம் மாடி ஃபிளாட். அவாவுக்கு அறுபது வருது, பிள்ளையள் பெறாமக்கள் எல்லாரும் காசு போட்டு ஏதும் பெரிசா குடுப்பம் எண்டு வட்ஸ்அப்பில அவா இல்லாத குரூப் ஒண்டு தொடங்கி, சங்கிலியில தொடங்கின கதை ஃப்ரிட்ஜுக்குப் போய் கடைசியா ஓவர்லொக்கில வந்து நிண்டுது. உடன ரொறன்ரோவில இருக்கிற அண்ணா லிங்க் ஒண்டு போட்டார், பிரதர் 1034டி, இஞ்ச சேல் போகுது, ரிவியூ எல்லாம் நல்லம், ஓடர் பண்ணட்டோ எண்டு.

"அண்ணா, உது இஞ்ச சரிவராது."

"ஏன் சரிவராது? ஒரு ட்ரான்ஸ்போமர் வாங்கினாச் சரிதானே தங்கச்சி."

வெளிநாட்டில இருந்து மெஷின் அனுப்ப நினைக்கிற எல்லாருக்கும் இதைச் சொல்ல வேணும், அதால கொஞ்சம் விளக்கமாவே எழுதுறன். கனடா அமெரிக்காவில கரண்ட் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். எங்கட 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஹேர்ட்ஸ் பெரிய பிரச்சினை இல்லை, வீட்டு ஓவர்லொக்குகளில கூடுதலா இருக்கிறது கார்பன் பிரஷ் வச்ச மோட்டர், அதுக்கு அம்பதும் ஒண்டுதான் அறுபதும் ஒண்டுதான். வோல்ட்தான் மோட்டரை எரிக்கும். ட்ரான்ஸ்போமர் போட்டு ஓட்டலாம், பொய்யில்லை, ஜப்பானில இருந்து வாற செகண்ட்ஹான்ட் வீட்டு மெஷினுகள் 100 வோல்ட், அதுகளை வாங்கிற ஆக்கள் அப்பிடித்தான் ஓட்ட வேணும். ஆனா லீவுக்கு வந்து நிக்கிற பேரப்பிள்ளை ஒருநாள் கூட்டி அள்ளேக்க பிளக்கைக் கழட்டிப்போட்டு திருப்பி நேரா சுவரில குத்திச்செண்டா அண்டையோட சரி. லண்டன் மச்சாள் அனுப்பினா அந்தப் பயம் இல்லை, அங்கயும் 230 வோல்ட், சதுரப் பின் பிளக்கும் இஞ்ச புது ஃபிளாட்டுகளில அப்பிடியே பொருந்தும், மெஷினும் ஏழு எட்டுக் கிலோதான், ஆராவது வரேக்க லக்கேஜில வைக்கலாம். ஆனா வரண்டி கூட வராது, பார்ட்ஸும் வராது. லூப்பர் (உள்ளுக்கு நூல் கொண்டுவாற கொழுக்கி) ஒண்டு வளைஞ்சா அதுக்கும் ஆரும் லண்டனில இருந்து வாற வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்க வேணும். அதால காசை அனுப்புங்கோ, மெஷினை இஞ்ச வாங்குவம் எண்டு நான் பிடிவாதமா நிண்டன். அண்ணா ரெண்டு நாள் குரூப்பில கதைக்கேல்ல.

ஓவர்லொக் என்ன செய்யும் எண்டு தெரியாமலே காசு போட்ட எங்கட வீட்டு ஆம்பிளையளுக்காகவும் ஒரு பந்தி. நீங்கள் போட்டிருக்கிற டீஷேர்ட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கோ, ஓரமெல்லாம் நூல் சுத்திக் கட்டிக்கிடக்கும், அதுதான். கத்தி ஒண்டு ஓரத்தை வெட்டிக்கொண்டு போகும், பின்னால ஊசி தைக்கும், லூப்பர் எண்டு ரெண்டு கொழுக்கி மேலயும் கீழயும் இருந்து நூலைக் கொண்டுவந்து வெட்டின ஓரத்தைச் சுத்திக் கட்டும், எல்லாம் ஒரே ஓட்டத்தில. அடிநூல் சுத்தி வைக்கிற பொபின் எண்டு ஒண்டு இல்லவே இல்லை. சிங்கர் எங்கட நாட்டுக்கு வந்தது 1877ல. அமெரிக்காவில கனெக்டிகட் பக்கம் பின்னல் ஆலை நடத்தின மெரோ குடும்பம் ஓவர்லொக் மெஷினைச் செய்தது 1881ல எண்டு சொல்லுவினம், அப்ப ரெண்டுக்கும் நாலு வருசம்தான் வித்தியாசம், ஆனா தையல் மெஷின் சீதனச் சாமானா வீடு வீடாப் போய்ச் சேர ஓவர்லொக் ஃபக்டரிக்குள்ளயே நிண்டிட்டுது. வீட்டு மேசையில வைக்கிற அளவில அதைச் சின்னனாக்கினது ஜப்பான்காரர், அதுவும் 1960களில. இஞ்ச சனம் அதை வடிவாக் கண்டது 1978ல கட்டுநாயக்க வலயம் தொடங்கி கார்மெண்ட்ஸ் பெருகின பிறகு. இண்டைக்கும் கொழும்பில நல்ல மெஷின் மெக்கானிக் ஆரெண்டு விசாரிச்சா அவர் ஏதோ ஒரு கார்மெண்ட்ஸில நிண்டு பழகின ஆளாத்தான் இருப்பார்.

சரி, தெரிவுக்கு வருவம். யூடியூப்பில ஓவர்லொக் பற்றிச் சொல்லுற ஆக்கள் முக்கால்வாசிப் பேர் டீஷேர்ட், லெக்கிங்ஸ், ஸ்வெட்டர் தைக்கிற ஆக்கள். நாலு நூல் (ரெண்டு ஊசிக்கு, ரெண்டு லூப்பருக்கு) போட்டா தைக்கிறதும் வெட்டுறதும் ஓரம் கட்டுறதும் ஒரே அடியில முடிஞ்சுது எண்டு அதைத்தான் பெரிசாக் காட்டுவினம். சின்னம்மா தைக்கிறது சாரி பிளவுஸ். பிளவுஸின்ர ரெண்டு பக்கத்திலயும் உள்ளுக்கு ஒரு இஞ்சிக்குக் கிட்டத் துணி விட்டுத்தான் தைப்பா, ஏனெண்டா கலியாணத்துக்குத் தைச்ச பிளவுஸை பிள்ளை பிறந்த பிறகு பிரிச்சு விடச் சொல்லிக்கொண்டு அதே பொம்பிளை திரும்பி வருவா, அது எங்கட ஊர் வழக்கம். அந்தத் துணியை வெட்டி எறியிற மெஷின் சின்னம்மாக்கு உதவாது. அவாவுக்கு வேணும் எண்டது கத்தியை லேசா இறக்கி வச்சிட்டு ஓட்டக்கூடினது, ஒரு ஊசியைக் கழட்டிப்போட்டு மூண்டு நூலில வடிவா ஓடக்கூடினது, அவ்வளவுதான். உலகம் முழுக்கப் புகழுற நாலாவது நூல் அவாவுக்கு சல்வாருக்கும் பேரனின்ர பிஜாமாவுக்கும்தான் தேவை.

இன்னொண்டு ரோல்ட் ஹெம். ஷோல் ஓரம், சாரி ஓரம், சின்னப் பிள்ளையளின்ர சட்டை ஃப்ரில், இதெல்லாம் துணியை உருட்டி மெல்லிசா அடிக்க வேணும். பழைய மெஷினுகளில அதுக்கு ஊசித்தட்டையே கழட்டி மாத்த வேணும், திருகாணி சோபாவுக்குக் கீழ உருண்டு போகும், ஒருத்தரும் மாத்த மாட்டினம். இப்ப வாறதுகளில சின்ன லீவர் ஒண்டை இழுத்தாக் காணும். கடையில இதை மட்டும் கட்டாயம் செய்து காட்டச் சொல்லுங்கோ.

டிஃபெரன்ஷியல் ஃபீட் எண்டு பெட்டியில பெரிசா எழுதியிருக்கும், 0.7 தொடக்கம் 2 எண்டு. துணியைத் தள்ளிக்கொண்டு போற பல்லு ரெண்டு வரிசையா இருக்கு, முன்வரிசையை வேகமா ஓட விட்டா இழுபடுற துணி இழுபடாமப் போகும், மெதுவா ஓட விட்டா மெல்லிசுத் துணி சுருங்காமப் போகும். இது இல்லாத மெஷினில லைக்ரா அடிச்சா ஓரம் பொரிச்ச அப்பளம் மாதிரி அலையலையா நிக்கும். கொட்டன் மட்டும் தைக்கிற ஆளுக்கு இது இல்லாமலும் காலம் போகும், ஆனா இப்ப ஆர் கொட்டன் மட்டும் தைக்கினம், எல்லாம் ஜோர்ஜெட்டும் இழுபடுற துணியும்தானே.

இதுக்குள்ள மாமா ஒராள் வந்து, உந்த விளையாட்டுச் சாமான் வேண்டாம், மூடின கார்மெண்ட்ஸ் சாமான் விக்கிற இடத்தில இண்டஸ்ட்ரியல் மெஷின் எடுப்பம், அதுதான் உழைக்கும் எண்டார். அவர் சொன்னதில ஞாயம் இருக்கு. வீட்டு ஓவர்லொக் நிமிசத்துக்கு 1300 தொடக்கம் 1500 தையல், இண்டஸ்ட்ரியல் 5500க்கு மேல, தானே எண்ணெய் போட்டுக்கொள்ளும், ஒழுங்காப் பாத்தா இருவது வருசமும் ஓடும். ரெண்டு பிள்ளையளை வேலைக்கு வச்சுத் தைக்கிற ஆள் எண்டா நானும் அதைத்தான் சொல்லுவன். ஆனா அது மேசையோட வரும், தலை மட்டுமே இருவது முப்பது கிலோ, பழைய கிளட்ச் மோட்டர் எண்டா தைக்காம சும்மா இருக்கேக்கயும் உறுமிக்கொண்டு இருக்கும், மூண்டாம் மாடியில வச்சு ஓட்டினா கீழ் வீட்டு மனுசி அடுத்த நாளே மனேஜ்மெண்டுக்கு எழுதிக் குடுப்பா. தைக்கேக்க மட்டும் ஓடுற செர்வோ மோட்டர் போட்டா சத்தம் இல்லை, உண்மை, ஆனா மேசை எங்க வைக்கிறது, சாமித்தட்டுக்கு முன்னாலயோ? ஊசியும் வேற, வீட்டு மெஷின் ஊசி அதுக்குள்ள போகாது. பரிசு குடுக்கிற ஆக்களுக்கு பெரிசா குடுத்தம் எண்ட திருப்தி வரும், அதைச் சுத்தி நடக்க வேண்டினது வாங்கினவா. ஒழுங்கை டெய்லர்மார் வச்சிருக்கிற சின்ன மூண்டு நூல் பேபி ஓவர்லொக்கையும் யோசிச்சம், மலிவு, முழுக்க இரும்பு, எந்த மெக்கானிக்கும் கண் தெரியாமலே கழட்டிப் பூட்டுவான். கனதில டிஃபெரன்ஷியல் இல்லை, குலுக்கமும் சத்தமும் கூட, கையால அடிக்கடி எண்ணெய் விட வேணும். காசு கொஞ்சம்தான் இருக்கு எண்டா அது ஒண்டும் குறைஞ்ச பரிசு இல்லை.

நான் கனக்க யோசிச்சது கண்ணைப் பற்றித்தான். அறுபது வயசில சின்னம்மா ஊசிக்கு நூல் கோர்க்க பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுறா. ஓவர்லொக்கில நாலு நூல், அதுவும் கீழ் லூப்பரின்ர பாதை ஒரு குகை மாதிரிக் கிடக்கும். ஒழுங்கும் இருக்கு, கூடுதலான மெஷினுகளில முதல் மேல் லூப்பர், பிறகு கீழ் லூப்பர், கடைசியாத்தான் ஊசிகள். கீழ் லூப்பர் நூல் அறுந்தா ஊசி நூலையும் கழட்டிப்போட்டுத்தான் திருப்பிக் கோர்க்க வேணும், இல்லாட்டி ஒட்டினாப்போல திருப்பி அறும், கன பேர் மெஷின் பிழை எண்டு மூலையில தள்ளி வைக்கிறது இதாலதான். காத்து அடிச்சு நூலை ஊதிக் கோர்க்கிற மெஷின் இருக்கு, லீவரை அமத்தினா நூல் குழாய்க்குள்ளால பறந்து போய் மற்றப் பக்கம் வரும், பாக்க ஆசையாத்தான் இருக்கும். விலை ஒரு மடங்கு ரெண்டு மடங்கு ஏறும். கை நடுங்கிற ஆள், கட்டரக்ட் ஒப்பரேசன் செய்த ஆள் எண்டா அதை ஆடம்பரம் எண்டு சொல்ல மாட்டன், காசு இருந்தா அதையே வாங்குங்கோ. ஆனா அது பிழைச்சா ஒழுங்கை மெக்கானிக் கை வைக்க மாட்டார், கொம்பனிக்குத்தான் போக வேணும்.

அதோட கோர்க்காமலே நூல் மாத்துற வழி ஒண்டு இருக்கு. பழைய நூலை கோனுக்குக் கிட்ட வெட்டிப்போட்டு புது நூலை அதில முடிஞ்சு, நூலை இறுக்கிற டென்ஷனை 0க்கு விட்டு மெல்ல இழுத்தா புது நூல் முழுப் பாதையாலயும் தானே வந்திடும், ஊசித் துளைக்கு முன்னால மட்டும் முடிச்சை வெட்டிக் கோர்க்க வேணும். கார்மெண்ட்ஸில எல்லாரும் செய்யிறது இதுதான். இதைப் பழக்கிக் குடுத்தாக் காணும், கலர் போட்ட பாதை, நல்ல லைட், நீட்டுச் சாமணம் ஒண்டு, இவ்வளவோட சாதாரண மெக்கானிக்கல் மெஷினே போதும் எண்டு நாங்கள் முடிவு எடுத்தம்.

ஒளிச்சு வச்சு பிறந்தநாளண்டு குடுப்பம் எண்டு சின்னப் பிள்ளையள் நிண்டினம். நான் விடேல்ல. தையல்காரிக்கு மெஷின் வாங்கிறதெண்டா அவாவைக் கேக்காம வாங்கிறது மரியாதையும் இல்லை. சொன்ன உடன, "எனக்கேன் பிள்ளை உது, வைக்க இடமெங்க" எண்டா. பிறகு சத்தமில்லாம டேப்பை எடுத்து ஜன்னலுக்குப் பக்கத்தில அளந்து பாத்தா. அதுக்குப் பிறகுதான் உண்மையான கவலை வெளிய வந்துது: இவ்வளவு காலமும் ஓவர்லொக் அடிச்சுக் குடுத்த கடைக்கார அக்கா என்ன நினைப்பா எண்டு. ரெண்டு பேருக்கும் பாதிச் சிங்களம் பாதித் தமிழ், அங்க போனா பிளேன்டீ, ஊர்க்கதை, ஆற்ற மகள் ஆரோட எண்டதெல்லாம் அங்கதான் தெரியவரும். நாங்கள் வாங்கிக் குடுக்கிற மெஷின் அந்த நடையையும் நிப்பாட்டும் எண்டதை வட்ஸ்அப்பில ஒருத்தரும் யோசிக்கேல்ல. (கவலைப்பட வேண்டாம், பட்டன்ஹோல் இன்னும் அங்கதான் அடிக்கிறா, அதுக்கு இப்ப முந்தியவிடக் கன நேரம் எடுக்குது.)

பழைய கால் மெஷினையும் விக்க விடாதேங்கோ. ஓவர்லொக் அதுக்குப் பதில் இல்லை, சிப் வைக்க, பட்டி வைக்க, டார்ட் பிடிக்க எல்லாம் அதுதான் வேணும். 2022ல மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதை ஆரும் மறக்கேல்ல, அப்ப சின்னம்மா ஜன்னல் வெளிச்சத்தில காலால மிதிச்சுத்தான் ஓடர் முடிச்சுக் குடுத்தவா.

கடைக்குப் போகேக்க அவாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ, துணிப் பையையும் கொண்டு போங்கோ. கடைக்காரர் எப்பவும் விறைச்ச கொட்டன் துண்டு ஒண்டை ரெண்டா மடிச்சு அடிச்சுக் காட்டுவார், அதில எந்த மெஷினும் வடிவாத்தான் அடிக்கும். நாங்கள் ஜோர்ஜெட் துண்டு, லைனிங் வச்ச பிளவுஸ் துண்டு, பழைய டீஷேர்ட் மூண்டையும் கொண்டு போனம். லைனிங்கோட நாலு மடிப்புச் சேருற தோள்மூட்டில ஒரு மெஷின் திக்கிச்சுது, மற்றது ஒண்டும் நடக்காத மாதிரிப் போச்சுது, விலையில பெரிய வித்தியாசமும் இல்லை. சின்னம்மா பேசாம ரெண்டாவதைக் காட்டினா. ஜப்பான் பிராண்ட், ரெண்டு மூண்டு நாலு நூலும் போடலாம். மொடல் எழுதேல்ல, ஏனெண்டா அடுத்த கொண்டெய்னரில வேற மொடல் வந்திடும், விலையும் டொலரோட சேந்து ஆடுது. நீங்கள் கேக்க வேண்டினது இதுகளைத்தான்: சாதாரண வீட்டு மெஷின் ஊசியே இதுக்குப் போகுமோ, கத்தி தேய்ஞ்சா இஞ்ச கிடைக்குமோ, ரிப்பேருக்கு ஆர் வருவினம், கடைக்கே தூக்கிக்கொண்டு வரவேணுமோ. பதில் இழுபட்டா பக்கத்துக் கடைக்கு நடவுங்கோ.

மிச்சக் காசுக்கு நூல். இதை ஆரும் பரிசில கணக்குப் போடுறதில்லை. நேர்த்தையல் ஒரு மீட்டர் ஓட ஏறக்குறைய ரெண்டரை மீட்டர் நூல் போகும், மூண்டு நூல் ஓவர்லொக்குக்கு பதினாலு மீட்டர் போகும். சின்ன நூல்கட்டையளை வச்சு ஓட்டினா அவாட உழைப்பு நூலுக்கே போயிடும். கெய்சர் வீதி, மெயின் ஸ்ட்ரீட் பக்கம் போனா 5000 யார் கோன் கிடைக்கும், வெள்ளையில நாலு, கறுப்பில நாலு, சந்தனக் கலரில நாலு. எல்லாக் கலரும் வாங்க வேண்டாம், வெளியால தெரியக்கூடினது இடப்பக்க ஊசி நூல் மட்டும்தான், அது ஒண்டை துணிக்குப் பொருத்தமாப் போட்டா லூப்பர் நூலைப் பற்றி ஒருத்தரும் கேக்கப் போறதில்லை. லூப்பருக்குப் போட பஞ்சு மாதிரி உப்புற நைலோன் நூல் ஒரு கோன் வாங்கினா ஷோல் ஓரம் மெத்தெண்டு வரும்.

வெள்ளவத்தை, தெஹிவளை, பம்பலப்பிட்டி எண்டு கடல் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு மட்டும் ஒண்டு. உப்புக் காத்து ஜன்னல் கிரில்லையே தின்னுது, கத்தியையும் லூப்பரையும் விடுமோ? மெஷினை மூடி வைக்க துணி உறை ஒண்டு (அதை அவாவே தைப்பா), தையல் மெஷின் எண்ணெய் ஒரு போத்தல், தூசு தட்ட பிரஷ் ஒண்டு. ஓவர்லொக் வெட்டிற துணித்தூள் உள்ளுக்குப் போய் எண்ணெயோட சேந்து கட்டியா நிக்கும், வேலை முடிய ஒவ்வொரு நாளும் மெஷின்ர கதவைத் திறந்து தட்ட வேணும். தேங்காய் எண்ணெய் மட்டும் விட விடாதேங்கோ, எங்கட வீடுகளில அதை எல்லாத்துக்கும் விடுவினம்.

கடைசியா பில். காசு போட்டது ஆராயிருந்தாலும் பில்லையும் வரண்டிக் காட்டையும் அவாட பேரில, அவாட போன் நம்பரோட போடச் சொல்லுங்கோ. எங்கட அண்ணா தன்ர பேரில போடச் சொல்லி நிண்டவர், அப்பதான் தான் ரொறன்ரோவில இருந்து ஃபொலோ பண்ணலாமாம். சின்னம்மா கவுண்டரில நிண்டு தன்ர அடையாள அட்டையை எடுத்து நீட்டிப்போட்டா, அதோட கதை முடிஞ்சுது.